வைகைக்கரை ஊர்களின் நிலமும் மக்கள்தொகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரணை என்ற தடுப்பணைக்குக் கீழே மதுரை நகரம் வரைக்கும் வைகையின் இரு கரையிலும் இருக்கும் சிறிய ஊர்களைப் பற்றிய பக்கம் இது. பெரும்பாலானவை வாடிப்பட்டி வட்டத்தில் வருகின்றன. ஊராட்சித் திட்டம் தயாரிப்பவர்கள், ஊர் விவரக் குறிப்பு எழுதும் மாணவர்கள், சொந்த ஊரின் கணக்கைச் சரிபார்க்க நினைப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது.

இந்தப் பகுதியின் நில அமைப்பு எப்படி?

வடக்கே சிறுமலை, தெற்கே நாகமலை. இரண்டுக்கும் நடுவே மேற்கிலிருந்து தென்கிழக்காக வைகை இறங்குகிறது. வருசநாட்டு மலையில் பிறந்து இராமநாதபுரம் பக்கம் கடலை நோக்கிப் போகும் இந்த ஆற்றின் மொத்த நீளம் சுமார் 258 கி.மீ. சோழவந்தான் வடகரையில் இருக்கிறது. நேர் எதிரே தெற்குக் கரையில் இருப்பது தென்கரை கிராமம். வடகரையில் தேனூர், சமயநல்லூர், பரவை. தெற்குக் கரைப் பக்கம் மேலக்கால், கொடிமங்கலம், துவரிமான்.

ஆற்றை ஒட்டிய குறுகலான பட்டைதான் வண்டல். தென்னை, நெல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் இதில்தான். கரையை விட்டு விலகி மலைப் பக்கம் போகப் போகச் செம்மண் வந்துவிடும்; அடியில் கடினப் பாறை. ஆகவே ஒரே ஊருக்குள் ஆற்றோரக் கிணற்றுக்கும் மேட்டுக்காட்டுக் கிணற்றுக்கும் நீர்மட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஊர் விவரத்தில் “மண்: வண்டல்” என்று ஒரே சொல்லில் எழுதி முடிப்பது தவறு. எந்தப் புல எண் (சர்வே எண்) வரை நஞ்சை, எங்கே புஞ்சை தொடங்குகிறது என்று எழுதுங்கள்.

ஆறு பாதி ஆண்டு மணலாகக் கிடக்கிறது. பிறகு எப்படி இரண்டு போகம் விளைகிறது?

வைகையின் சொந்தத் தண்ணீரை மட்டும் நம்பினால் விளையாது. 1895 இல் முடிந்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, முல்லையாறாக வைகையில் சேர்கிறது. 1959 இல் திறக்கப்பட்ட வைகை அணை அதைத் தேக்கிவைக்கிறது. அங்கிருந்து ஆற்றிலேயே வந்து, அணைப்பட்டி அருகே பேரணையில் பெரியாறு பிரதான கால்வாய்க்குப் பிரிகிறது.

கள்ளந்திரி மதகு வரை உள்ள 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். அதைத் தாண்டிய ஒருபோகப் பாசனம் 1,05,002 ஏக்கர்: பெரியாறு பிரதான கால்வாயின் கீழ் 85,563, திருமங்கலம் பிரதான கால்வாயின் கீழ் 19,439. இருபோகப் பகுதியில் முதல் போகத்துக்கு அணையில் போதிய இருப்பு இருந்தால் ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள். வழக்கமாக 120 நாள்: முதல் 45 நாள் முழுமையாக, அடுத்த 75 நாள் முறைப்பாசனம், அதாவது முறைவைத்து விட்டுவிட்டு.

ஆற்றங்கரை என்பதாலேயே எல்லா வயலும் ஆற்றிலிருந்து நேராகப் பாய்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். கால்வாய், வரத்துக்கால், கண்மாய், மடை, வயல் என்பதுதான் வரிசை. கண்மாய் நிரம்பினால் மிச்சம் கலுங்கு (உபரிநீர் வெளியேறும் இடம்) வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேலே எந்தக் கண்மாய், கீழே எந்தக் கண்மாய் என்ற இரண்டு பெயரையும் கட்டாயம் குறியுங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறையின் கண்மாய், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியக் கண்மாய். கரை உடைந்தால் யாரிடம் மனு கொடுப்பது என்பது இதைப் பொறுத்தது.

எங்கள் ஊரின் மக்கள்தொகைக்கு ஆளுக்கு ஓர் எண் சொல்கிறார்கள். எது சரி?

எல்லா எண்ணும் சரியாக இருக்கலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு எல்லைக்கான எண்ணாக இருக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

‘ஊர்’ என்று நாம் சொல்வதற்கு அரசுக் கணக்கில் குறைந்தது மூன்று எல்லைகள் உண்டு. முதலாவது வருவாய் கிராமம். கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடுகள் இதன்படிதான் இருக்கும். இதற்குள் பல உட்கடை கிராமங்கள், அதாவது தனித்தனிச் சிற்றூர்கள், அடங்கும். இரண்டாவது கிராம ஊராட்சி. தலைவர், வார்டு உறுப்பினர், வீட்டு வரி எல்லாம் இதன்படி. ஓர் ஊராட்சிக்குள் இரண்டு வருவாய் கிராமங்கள் இருப்பதும், ஒரு வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளாகப் பிரிந்திருப்பதும் சாதாரணம். மூன்றாவது குடியிருப்பு: கோயில், மந்தை, தெருக்கள் என்று மக்கள் மனதில் இருக்கும் ஊர். குடிநீர்த் திட்டங்கள் இந்த மூன்றாவது அலகைத்தான் எடுத்துக்கொள்கின்றன.

மத்திய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிராமப்புறத்தில் எண்ணை வருவாய் கிராம வாரியாகவே வெளியிடுகிறது. பக்கத்து உட்கடை கிராமத்தில் இருக்கும் 300 வீடும் அதற்குள் சேர்ந்திருக்கும். அந்த எண்ணை அப்படியே தூக்கி உங்கள் குடியிருப்பின் தலையில் கட்டினால் கணக்கு இரட்டிப்பாகும்.

எல்லை மாறியதையும் பாருங்கள். 2011 பிப்ரவரியில் கணக்கெடுத்தபோது ஆற்றோரத்து விளாங்குடி தனிப் பேரூராட்சி. அதே ஆண்டு பின்பாதியில் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது அது நகரத்துக்குள் போய்விட்டது. அதனால் மாநகராட்சிக்கே 10,17,865 என்றும், விரிந்த எல்லைக்கு 14,70,755 என்றும் இரண்டு எண்கள் புழங்குகின்றன. இரண்டும் 2011க்கு உரியவைதான்.

எனவே எண்ணோடு எல்லையையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்: “வருவாய் கிராமம், 2011 கணக்கெடுப்பு” என்று. வெறும் “மக்கள்தொகை 2,640” என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பை நம்பாதீர்கள்.

கணக்கெடுப்பு எண்ணை எங்கே எடுப்பது?

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையதளத்தில் இரண்டு கோப்புகள் போதும். ஒன்று, மதுரை மாவட்டத்தின் முதன்மை மக்கள்தொகைச் சுருக்கம். இது எக்செல் கோப்பு. மற்றொன்று, மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு. இதில் கிராமத்தின் பரப்பு, நிலப் பயன்பாடு, பள்ளி, பேருந்து, மருத்துவமனை தூரம் எல்லாம் கிடைக்கும்.

எக்செலைத் திறந்ததும் முதலில் வட்டத்தை வடிகட்டுங்கள், பிறகு நிலை என்ற நெடுவரிசையில் கிராமத்தை மட்டும் வையுங்கள். இதைச் செய்யாமல் கூட்டினால் மாவட்டம், வட்டம், மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்று எல்லா வரிசையும் சேர்ந்து எண் பல மடங்காகிவிடும். பெயரை வைத்துத் தேடினால் சில நேரம் சிக்காது, ஏனென்றால் ஆங்கில எழுத்துக்கூட்டல் கோப்புக்குக் கோப்பு மாறும். தென்கரைக்கு நடுவில் ‘எச்’ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சோழவந்தான் ‘எஸ்’ஸிலும் தொடங்கும், ‘சி’யிலும் தொடங்கும். ஒருமுறை கண்டுபிடித்ததும் ஆறு இலக்கக் கிராமக் குறியீட்டைக் குறித்துவைத்துக்கொண்டு, 2011க்கான மற்ற கோப்புகளில் அதைக் கொண்டே தேடுங்கள். சோழவந்தான், பரவை, வாடிப்பட்டி போன்ற பேரூராட்சிகளைக் கிராம வரிசையில் தேட வேண்டாம். அவை நகர வரிசையில், வார்டு வாரியாக இருக்கும்.

அந்த எண்களைப் படிக்கும்போது பொதுவாக எங்கே தவறு நேர்கிறது?

எழுத்தறிவில்தான் அதிகம். எழுத்தறிவு பெற்றவர்களை மொத்த மக்கள்தொகையால் வகுக்கக் கூடாது. மொத்தத்திலிருந்து 0 முதல் 6 வயதுக் குழந்தைகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தால் வகுக்க வேண்டும். 2,640 பேரில் 250 குழந்தைகள், 1,900 பேர் எழுத்தறிவு பெற்றவர்கள் என்று வைத்துக்கொண்டால் சரியான விகிதம் 79.5 சதவீதம். நேராக வகுத்தால் 72 என்று வரும்.

பாலின விகிதம் என்பது 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. 2011 இல் மதுரை மாவட்டத்துக்கு 990. சிறிய ஊரில் குழந்தைகளின் பாலின விகிதத்தை வைத்து உடனே முடிவுக்கு வர வேண்டாம். 80 குழந்தைகளில் 42 பையன்கள், 38 பெண் பிள்ளைகள் என்றால் விகிதம் 905. இரண்டே பிள்ளைகள் மாறி 40க்கு 40 ஆனால் 1,000. இந்த அளவு எண்ணிக்கையில் ஓர் ஊரைப் பற்றிக் குற்றம் சொல்வது நியாயமில்லை. பிர்கா (பல வருவாய் கிராமங்கள் சேர்ந்த பிரிவு) அளவிலாவது கூட்டிப் பாருங்கள்.

கணக்கெடுத்த காலமும் முக்கியம். 2011 இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எடுத்தார்கள். கணக்கு மார்ச் 1, 00.00 மணிக்கானது. இருபோகப் பகுதியில் அப்போது பெரும்பாலும் இரண்டாம் போக அறுப்பு முடிந்திருக்கும். வெளியூர் வேலைக்குப் போய் அந்த நாள்கள் முழுவதும் திரும்பாதவர்கள் இந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார்கள். வீடில்லாமல் பாலத்தடியிலும் கோயில் வாசலிலும் படுப்பவர்களைப் பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள்.

ஊரின் பரப்பளவை எப்படிக் கணக்கிடுவது?

அ-பதிவேடுதான் அடிப்படை. புல எண் வாரியாகப் பரப்பும் வகைப்பாடும் அதில் இருக்கும். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முழுக் கிராமத்துக்கும் வேண்டுமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்ப்பதே விரைவு.

அளவுகள் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் 100 சதுர மீட்டர். 100 ஏர் 1 ஹெக்டேர். 1 ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். 1 ஏக்கர் 100 சென்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி. 0.40.5 என்று எழுதியிருப்பது 40.5 ஏர், அதாவது சுமார் 1 ஏக்கர். இதை 0.405 ஏர் என்று படித்துவிட்டால் நிலம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

கூட்டும்போது நான்கு குவியலாகப் பிரியுங்கள்: நஞ்சை, புஞ்சை, நத்தம் (குடியிருப்பு நிலம்), புறம்போக்கு. புறம்போக்கில் ஆறு, கண்மாய், கால்வாய், பாதை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். ஆற்றங்கரை ஊர்களில் இந்தக் கடைசிக் குவியல் பெரிது. அடுத்த கேள்விக்கு அதுதான் தேவைப்படும்.

மக்கள் அடர்த்தி எங்கள் ஊரில் குறைவாக வருகிறது. ஆனால் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றனவே?

ஆற்றுப் புறம்போக்கும் கண்மாயும் பரப்பில் சேர்ந்திருக்கும். 612 ஹெக்டேரில் 2,640 பேர் என்றால் சதுர கி.மீ.க்கு 431 பேர். அதில் ஆறும் கண்மாயும் 162 ஹெக்டேர் என்றால் மிச்சம் 450 ஹெக்டேருக்கு 587 பேர். இரண்டையும் எழுதி, எது எப்படி வந்தது என்று சொல்லுங்கள். நத்தப் பரப்பை மட்டும் வைத்து மூன்றாவதாக ஒன்று போட்டால்தான் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு போன்றவற்றைத் திட்டமிட உதவும்.

ஆற்றின் அகலம், ஊரின் உயரம் இவற்றை அளக்க வழி?

அகலத்துக்கு: செயற்கைக்கோள் படத்தில் கோடைக்கால நாளைத் தேர்ந்தெடுத்து, கரை மேட்டிலிருந்து எதிர்க்கரை மேடு வரை, நீரோட்டத்துக்குக் குறுக்கே அளக்க வேண்டும். ஓடும் தண்ணீரின் விளிம்பை வைத்து அளந்தால் மாதத்துக்கு ஓர் அகலம் வரும். நாணலும் சீமைக்கருவேலமும் வளர்ந்த இடத்தைக் கரை என்று எடுத்துக்கொள்வதும் வழக்கமான பிழை. அது ஆற்றின் உட்பகுதிதான். சந்தேகம் வந்தால் புல வரைபடத்தில் ஆற்றுப் புல எண்ணின் எல்லைக்கல் எங்கே என்று பாருங்கள். மூன்று இடங்களில் அளந்து மூன்றையும் கொடுங்கள், சராசரி தேவையில்லை.

உயரத்துக்குக் கைப்பேசியை நம்பாதீர்கள். பத்து மீட்டர் வரைகூட முன்பின்னாகக் காட்டும், இந்தச் சமவெளியில் அது முழுப் பிழை. சோழவந்தான், சமயநல்லூர் மாதிரி ரயில் நிலையம் பக்கத்தில் இருந்தால், நடைமேடையின் கோடியில் நிற்கும் மஞ்சள் பெயர்ப்பலகையின் கீழ் ஓரத்தில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். அதைத் தொடக்கமாக வைத்து, நீர்மட்டக் குழாயாலோ லெவல் கருவியாலோ ஊர் வரை கொண்டுபோகலாம்.

கடைசிக் கணக்கெடுப்பு 2011 இல் நடந்தது. இன்றைய எண்ணுக்கு என்ன செய்வது?

பலரும் 2001க்கும் 2011க்கும் இடையிலான வளர்ச்சியை நீட்டிவிடுகிறார்கள். மதுரை மாவட்டம் அந்தப் பத்தாண்டில் 17.84 சதவீதம் வளர்ந்து 30,38,252 ஆனது. அந்தச் சதவீதத்தை உங்கள் ஊருக்குப் போட்டால் நிச்சயம் தவறும். பரவை, துவரிமான் பக்கம் வீட்டுமனைகள் பெருகி வருகின்றன. மேற்கே உள்ள விவசாய ஊர்களில் இளைஞர்கள் வெளியூர் போய், பூட்டிய வீடுகள் கூடிக்கொண்டிருக்கின்றன. ஒரே விகிதம் இரண்டுக்கும் பொருந்தாது.

நேரடியாக எண்ணுவதே நல்லது. ஆயிரம் வீடுகளுக்குள் இருக்கும் ஊருக்கு நான்கு பேர் இருந்தால் ஒரு வார இறுதியில் முடியும்.

முதலில் தெரு வாரியாகக் கைப்பட ஒரு வரைபடம் போடுங்கள். ஒவ்வொரு கட்டடத்தையும் ஆள் இருக்கும் வீடு, பூட்டிய வீடு, கடை, தொழுவம் அல்லது மோட்டார் அறை என்று வகைப்படுத்துங்கள். ஒரு கூரைக்குக் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு குடும்பம். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுபவர்களே ஒரு குடும்பம். பிறகு பத்துக்கு ஒரு குடும்பத்தில் ஆள் எண்ணிக்கை கேளுங்கள். முதல் குடும்பத்தை ஒன்றிலிருந்து பத்துக்குள் சீட்டு எடுத்து முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மந்தையைச் சுற்றியுள்ள தெரிந்த வீடுகளாகவே போய்விடும். 684 குடும்பம், சராசரி 3.6 பேர் என்றால் 2,462. தமிழ்நாட்டின் 2011 சராசரி சுமார் 3.9, உங்கள் சராசரி 3க்குக் கீழோ 5க்கு மேலோ வந்தால் எங்கோ கணக்கு பிசகியிருக்கிறது, மீண்டும் பாருங்கள்.

விட்டுப்போவது எப்போதும் ஓரங்களில்தான்: ஆற்றுப் புறம்போக்கில் இருக்கும் குடிசைகள், தென்னந்தோப்புக் காவல் குடும்பங்கள், செங்கல் சூளை வரிசை வீடுகள், ஊரை விட்டுத் தள்ளியிருக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்புகள். பட்டா இல்லை, கதவு எண் இல்லை என்பதற்காக அங்கே இருப்பவர்களை விட்டுவிடக் கூடாது. வரிப் பதிவேட்டில் இல்லாத இந்த மக்கள் திட்டத்திலும் இல்லாமல் போவதுதான் இந்தக் கணக்குகளில் நடக்கும் மிகப் பெரிய அநியாயம்.

வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, மின் இணைப்பு இவற்றை வைத்துச் சொல்ல முடியாதா?

சரிபார்க்க உதவும், மாற்றாக ஆகாது. வாக்காளர் பட்டியலில் 18 வயதுக்குக் கீழே யாரும் இல்லை. ரேஷன் கார்டில் திருப்பூரிலும் சென்னையிலும் இருப்பவர்களின் பெயரும் இருக்கும். மின் இணைப்பில் பம்புசெட்டும் கடையும் சேரும்.

சரியான மக்கள்தொகை குடிநீருக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். 2,462 பேருக்கு 1,35,410 லிட்டர். ஊரில் 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்றே இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு முறை நிரப்பினாலும் 15,000 லிட்டருக்கு மேல் குறையும். அந்தக் குறை, குழாயின் கடைசியில் இருக்கும் தெருவின் தலையில்தான் விழும். திருவிழா நாள்களை, முக்கியமாகச் சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாவை, தனியாகக் கணக்கிடுங்கள். ஆண்டுச் சராசரியில் கலக்க வேண்டாம்.

வெள்ள அறிவிப்பில் சொல்லும் 66 அடி, 69 அடி எதைக் குறிக்கிறது?

அது வைகை அணையின் நீர்மட்டம். உங்கள் ஊர்ப் பாலத்தில் ஓடும் தண்ணீரின் உயரம் இல்லை. அணையின் முழு நீர்த்தேக்க மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் இது பொது.

ஆனால் அணையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. மஞ்சளாறும் மருதாநதியும் அணைக்குக் கீழேதான் வைகையில் சேர்கின்றன. சிறுமலையில் பெய்தால் ஓடைகளும் சேர்ந்துகொள்ளும். எனவே அணை திறக்காத நாளிலும் தண்ணீர் வரலாம். ஆற்றில் தண்ணீர் உயர்ந்தால் ஓடை வடிய வழியில்லாமல் எதிர்த்து ஊருக்குள் ஏறும். அதனால் முதலில் நனைவது ஆற்றோர வீடுகள் என்று இல்லை, ஓடை சேரும் முக்கில் இருக்கும் தாழ்ந்த தெருவாகவும் இருக்கலாம். தெரு வரைபடத்தில் சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கும் வீடுகளைக் குறித்து, அங்கே நடக்க முடியாத முதியவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதிவையுங்கள். அக்டோபருக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

அணையிலிருந்து திறக்கும் தண்ணீரின் கனஅடிக் கணக்கு: விநாடிக்கு 1,000 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 86.4 மில்லியன் கனஅடி.

இந்தப் பகுதியின் விளைபொருளில் குறிப்பிட வேண்டியவை?

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013 இல். கொடிக்கால் பரப்பை அடங்கலில் (வருவாய்த் துறையின் பயிர்ப் பதிவேடு) பாருங்கள், வாய்வழிக் கணக்கு வேண்டாம்.

தொழில் விவரத்தில் ‘முக்கியத் தொழிலாளர்’ என்றால் யார்?

கணக்கெடுப்புக்கு முந்தைய ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர். அதற்குக் கீழே என்றால் குறுவேலைத் தொழிலாளர். குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர் விவசாயிகள் வரிசையில் வருவார், கூலிக்குப் போகிறவர் விவசாயத் தொழிலாளர் வரிசையில் வருவார். சொந்த வயலில் நாற்று நட்டுக் களை எடுக்கும் பெண்களை “வீட்டில் இருக்கிறார்” என்று குடும்பத்தார் சொல்லிவிடுவதால் பெண்களின் எண் குறைந்தே பதிவாகும். நீங்கள் எண்ணும்போது “நடவுக்கு, களைக்கு யார் போவது?” என்று வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த கணக்கெடுப்பு எப்போது? ஊர் என்ன செய்யலாம்?

2025 ஜூனில் வந்த அறிவிக்கையின்படி கணக்கு நாள் 2027 மார்ச் 1. அதற்கு முன்னதாக வீட்டுப் பட்டியல் எடுக்கும் கட்டம் உண்டு. கணக்கெடுப்பாளர் வரும்போது உங்கள் தெரு வரைபடத்தின் நகலைக் கொடுங்கள். தோப்புக்குள் இருக்கும் வீடுகளுக்கு யாராவது கூடப் போய் வழிகாட்டுங்கள். உட்கடை கிராமத்தின் பெயர் விட்டுப்போயிருந்தால் அதற்கு முன்பே கிராம சபையில் தீர்மானம் போட்டு வட்டாட்சியருக்கு அனுப்புங்கள். தீர்மானத்தில் வருவாய் கிராமத்தின் பெயர், புல எண்கள், குடும்ப எண்ணிக்கை மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்து மாதக்கணக்கில் இழுக்கும்.